செயலாளர் ஐசியைக் காட்டட்டும்

உக்காருங்க டீச்சர், உக்காருங்க. இங்க ஆளில்ல, இந்தக் கடுதாசிதான் ஒக்காந்திருக்கு. நான் மடியில வச்சிக்கிறேன். தமிழ்ப்பள்ளி டீச்சர்தானே? பையிலயே பள்ளிக்கூடத்துப் பேரு எழுதியிருக்கே. நான் தமிழ் நல்லாப் படிப்பேன். மலாய்தான் தகராறு. பேச்சு ஓடும், எழுத்து ஓடாது. அதனால தப்பா நெனைக்காதீங்க, இந்தக் கடுதாசியில அஞ்சாவது வரி என்னான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?

ஆமா. பெண்டுடுக் தெத்தாப். நிரந்தரவாசி. குடிமகன்னு இல்ல. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. கண்ணாடிதான் சரியில்லையோன்னு நெனச்சேன்.

எறப்புப் பத்திரம் டீச்சர். என் தங்கச்சி வீட்டுக்காரன். அங்கமுத்து. போன சனிக்கிழமை சாயங்காலம், மாரடைப்பு, அறுபத்தாறு வயசு. இப்பதான் தெலுக் இந்தான் பதிவிலாகாவுல பதிஞ்சிட்டு வர்றேன். மாப்பிள்ளைய அவன் இவன்னு சொல்லக்கூடாதுதான். ஆனா என்னைவிட ஆறு வயசு எளையவன், ஒரே தோட்டத்துல என் கண்ணு முன்னால வளந்தவன். வாயில வேற மாதிரி வர மாட்டேங்குது.

என் பேரு ஆதிமூலம். செம்பனை லாரி ஓட்டினவன். முப்பது வருஷம் விளக்குக் கட்சிக் கிளைத் தலைவர். இப்ப இல்ல. இப்ப ஒண்ணும் இல்ல.

நீங்க எங்க எறங்கணும்? ஓ, எனக்கும் மேல போவணுமா. அப்ப நேரமிருக்கு. நீங்க நாலு பேருக்குப் பாடம் சொல்றவங்க, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. உண்மையச் சொல்றது தப்பா? நான் பொய் சொல்லல டீச்சர். அத மொதல்ல எழுதி வச்சிக்குங்க. நான் ஒரு பொய்கூடச் சொல்லல.

சின்ன வயசு, உங்களுக்கு இந்த ஐசி, அடையாளக் கார்டு விவகாரமெல்லாம் தெரியுமோ என்னமோ. நீல ஐசின்னா குடிமகன். சிவப்பு ஐசின்னா இருந்துக்கலாம், அவ்வளவுதான். ஓட்டு இல்ல, அரசாங்க வேலை இல்ல, ஆஸ்பத்திரியில கட்டணம் வேற. அங்கமுத்துக்குச் சிவப்பு. இங்கதான் பொறந்தான், ஆனா பொறந்ததப் பதியல. அந்தக் காலத்துல அப்பன்காரன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி பதியணும். அவங்கப்பா ஜுரத்துல படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. அம்மாவுக்கு என்ன தெரியும்? பன்னெண்டு வயசுல ஐசி எடுக்கப் போனா, பொறந்த சூரா, அதான் பொறப்புப் பத்திரம், எங்கன்னு கேட்டாங்க. இல்ல. சிவப்பக் குடுத்து அனுப்பிட்டாங்க.

என் தங்கச்சி தனலெட்சுமிய அவனுக்குக் குடுக்கிறப்ப எங்க சித்தப்பா கேட்டாரு, "சிவப்பு ஐசிக்காரனுக்காடா பொண்ணு குடுக்குற?"ன்னு. நான் சொன்னேன், "பொண்ணு ஐசிகூடயா குடும்பம் நடத்தப் போவுது?" நான் சொன்னேன் டீச்சர், இதே வாயால.

தோட்டத்த வித்தப்பறம் எல்லாரும் தாமான் குடியிருப்புக்கு வந்து சேந்தோம். அங்க கிளைய ஆரம்பிச்சதே நானும் அவனும்தான். நான் தலைவரு, அவன் செயலாளரு. நான் மாலை வாங்குவேன், அவன் வேலை பாப்பான். சும்மா சொல்லக்கூடாது, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். மலாய், இங்கிலீஷு, தமிழு மூணும் எழுதுவான். சீனத் தவுக்கே மொதலாளியோட இரும்புக் கடையில வேலை விட்டு வந்ததும் குளிச்சிட்டு வீட்டு முன்னால ஐந்தடி வராந்தாவுல நாற்காலி போட்டு ஒக்காருவான். வரிசை கட்டி நிப்பாங்க. பள்ளிக்கூட பாரம், உதவிப்பண பாரம், முக்கியமா ஐசி பாரம். எத்தன பேருக்கு நீல ஐசி எடுத்துக் குடுத்திருக்கான்னு நெனைக்கிறீங்க? எரநூறுக்கு மேல. ஊருல அவனுக்குப் பேரே 'ஐசி அங்கமுத்து'. அவனுக்கு மட்டும் சிவப்பு.

கட்சிச் சட்டத்துல குடிமக்கள்தான் உறுப்பினராவலாம்னு இருக்கு. எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. எதுக்குத் தொறக்கணும்? எறந்து போனவங்க நாலு பேரு பேரே பட்டியல்ல இருந்துச்சு. அவங்களுக்கெல்லாம் நீல ஐசி! செத்தவன் இருக்கலாம், சிவப்பு இருக்கக்கூடாதா? அப்படித்தான் முப்பது வருஷம் ஓடுச்சு.

அப்பறம் வந்துச்சு பாருங்க அந்தத் தேர்தல். ஏழு வருஷத்துக்கு முன்னால. கட்சியோட தேசியத் தலைவர் தேர்தல். யாரு தலைவரா வர்றாரோ அவருதான் பொதுத் தேர்தல்ல நின்னு மந்திரியாவாரு. அதனால அந்த நாற்காலிக்குத்தான் அடிபுடி. இந்தப் பக்கம் டத்தோ பத்மசீலன், அந்தப் பக்கம் டாக்டர் வேணுதாஸ். ஒவ்வொரு கிளைக்கும் மூணு பேராளரு, மூணு ஓட்டு. பேராளரு யாருன்னு கிளைக் கூட்டத்துல உறுப்பினருங்க ஓட்டுப் போட்டு எடுக்கணும்.

நான் டத்தோ பக்கம். ஏன்னு கேளுங்க. எங்க மாரியம்மன் கோயிலுக்குக் கூரை போட்டுக் குடுத்தவரு. திருவிழாவுக்கு வந்தப்ப நாலாயிரம் பேரு முன்னால என் தோள் மேல கையப் போட்டு, "மூலம் அண்ணே, உங்கள நம்பித்தான் நான் நிக்கிறேன்"ன்னாரு. டத்தோ பட்டம் வாங்கினவரு டீச்சர்! என்னை அண்ணேன்னாரு. உப்பிட்டவர உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இவன் டாக்டர் பக்கம். அந்தாளுகிட்ட இவனுக்கு என்ன மயக்கமோ தெரியல. அந்தாளு கோயிலுக்கும் ஒண்ணும் செய்யல, ஊருக்கும் ஒண்ணும் செய்யல. போற எடமெல்லாம் சிவப்பு ஐசி, சிவப்பு ஐசின்னு ஒரே பேச்சு. நான் வந்தா மொத வேலை அதுதான்னு. நான் அதையெல்லாம் காதுலயே வாங்கல. ஓட்டே இல்லாத சனத்தப் பத்திப் பேசி என்ன ஆவப் போவுது?

ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவாங்க. எங்க தாமான் ரெண்டாப் போச்சு. எங்கள்ல யாரும் பொதுத் தேர்தல்ல இப்படி அடிச்சிக்கிட்டதே இல்ல. சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒட்டுக்கடையில டத்தோ ஆளுங்க பசியாறுவாங்க, அந்தப் பக்கம் ரொட்டிக் கடையில டாக்டர் ஆளுங்க. எனக்கு அந்தப் பக்கத்து ரொட்டி சானாய்தான் புடிக்கும், ஆறு மாசம் தொடல. அந்த வருஷம் தீபாவளி விருந்து ரெண்டு எடத்துல. என் வீட்டுக்காரி பலகாரத் தட்ட எடுத்துக்கிட்டு தனம் வீட்டுக்குப் போவக் கெளம்பினா. நான்தான் வேணாம்னேன். "அவங்க அங்க சாப்பிட்டுக்குவாங்க"ன்னேன். எதிர் வரிசையில நாலாவது வீடு டீச்சர். அவங்க வீட்டுல கொழம்பு தாளிச்சா எனக்குத் தும்மல் வரும், அவ்வளவு கிட்ட.

தொகுதித் தலைவரு சுகுமாறன்னு ஒருத்தரு. அவரு வந்து தலைய எண்ணிப் பாத்தாரு. மொத்தம் அம்பத்தெட்டு பேரு. அங்கமுத்து பக்கம் முப்பத்தொண்ணு, என் பக்கம் இருபத்தேழு. ஏன்? பாரம் எழுதிக் குடுத்த நன்றி! எல்லாரும் அவன் பக்கம் சாஞ்சிட்டாங்க. முப்பது வருஷம் தலைவரா இருந்தவன் நான், என்னை விட்டுட்டு.

சுகுமாறன் சொன்னாரு, "மூலம், இந்தத் தடவ மூணு ஓட்டுல முடியற ஆட்டம். உங்க கிளை போச்சுன்னா டத்தோ முகத்துல நான் எப்படி முழிக்கிறது? அந்தச் செயலாளரு மேல ஏதாச்சும் குறை இருக்கா பாருங்க." நான் இல்லன்னேன். சத்தியமா மொதல்ல இல்லன்னுதான் சொன்னேன். காப்பியக் குடிச்சேன். அவரு மறுபடியும் கேட்டாரு. "யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுமே இல்லாத மனுசன் உண்டா?"ன்னாரு.

சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது பொய்யா? இல்லையே.

கூட்டம் ஞாயித்துக்கிழமை காலையில, பாலாய் ராயா மண்டபத்துல. எங்க வழக்கம் என்னன்னா, செயலாளரு பதிவேட்ட வச்சிக்கிட்டு ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாரு. கூப்பிட்ட ஆளு ஐசியக் கொண்டு போயி மேசையில வைக்கணும். அவரு பாத்து, பேருக்கு நேரா கோடு போட்டு, ஓட்டுச் சீட்டக் குடுப்பாரு. அப்படி முப்பது வருஷமா அங்கமுத்துதான் எல்லாரோட ஐசியையும் பாத்தான். அவனோடத யாரு பாக்கிறது? அவன் பேரு வந்தா அவனே கோடு போட்டுக்குவான். யாரும் கேட்டதில்ல.

அன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சிட்டான். கடைசியா அவன் பேரு. பேனாவ எடுத்தான். நான் எந்திரிச்சேன். சுகுமாறன் பார்வையாளரா முன்வரிசையில ஒக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"தலைவர்ங்கிற முறையில கேக்குறேன். எல்லாரும் ஐசியக் காட்டினோம். செயலாளர் ஐசியைக் காட்டட்டும்"ன்னேன்.

யாரோ பின்னால, "மூலம், வேணாம்யா"ன்னு கத்தினாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவன் என்னைப் பாத்தான். கோவமாப் பாத்திருந்தா நானும் கோவப்பட்டிருப்பேன், ரெண்டு வார்த்த ஏசியிருப்பேன், அதோட போயிருக்கும். கோவமே இல்ல டீச்சர். வேற யாரையோ பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க போலன்னு ஒரு பார்வை. சட்டப் பையில இருந்து ஐசிய எடுத்து மேசையில வச்சான். சிவப்பு. இளசுங்க நெறய பேருக்கு அன்னிக்குத்தான் தெரியும். எட்டி எட்டிப் பாக்குதுங்க.

"மச்சான், தெரியுதா? இன்னும் கிட்டக் கொண்டாரவா?"ன்னான்.

அவன் பதிவேட்ட மூடினான். பேனாவ அது மேல வச்சு, என் பக்கமாத் தள்ளினான். "இனிமே எழுத்து வேலைய யாராச்சும் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான். ஐசிய எடுக்கவே இல்ல. மூணாவது வரிசையில இருந்து தனம் எந்திரிச்சு வந்தா. என்னைத் தாண்டித்தான் வரணும். வந்து, அந்த ஐசிய எடுத்து, முந்தானையால தொடச்சு, தன்னோட பைக்குள்ள போட்டுக்கிட்டா. அதுல என்ன தூசி இருந்துச்சு, தொடைக்கிறதுக்கு?

அவன் ஆளுங்க முப்பது பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இருபத்தேழு பேரு ஓட்டுல நாங்க ஜெயிச்சோம். சுகுமாறன் கை குடுத்தாரு. மாலையும் தயாரா வச்சிருந்தாங்க.

அதுக்கப்பறம் ஷா ஆலத்துல பேராளர் மாநாடு. பஸ்ஸு புடிச்சு, ஒரே மாதிரி சட்ட போட்டுக்கிட்டுப் போனோம். பத்து மணிக்கு ஓட்டெடுப்பு. பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும், மேடையில டத்தோவும் டாக்டரும் கையக் கோத்துக்கிட்டு வர்றாங்க. ஒத்துமையா? ஆமா, ஒத்துமை! சமுதாய நலனுக்காக டத்தோ வெலகிக்கிறாராம். டாக்டரு தலைவராம், டத்தோ துணைத் தலைவராம். போட்டியே இல்ல. பொட்டியத் தொறக்கவே இல்ல டீச்சர். என் ஓட்டுச் சீட்டு என் பையிலயே இருந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். வாழ்கன்னு கத்தினேன். பிரியாணி போட்டாங்க. நல்ல பிரியாணி, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு வாய்க்கு மேல எறங்கல.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல நெனச்சேன், சரி, ரெண்டு பெரிய தலையே ஒண்ணாயிடுச்சு, இனி எங்களுக்கு என்ன சண்டைன்னு. எறங்கினதும் நேரா அவன் வீட்டுக்குப் போவலாம்னுதான் இருந்தேன். அப்பறம் தோணிச்சு, நான் மூத்தவன். மாப்பிள்ள வந்து ஒரு வார்த்த பேசினா என்ன கொறஞ்சு போவும்? வருவான்னு இருந்தேன். வரல. ஐந்தடியில நாற்காலியும் போடல. யாராச்சும் பாரத்தோட வந்தா, "நான் வெளியாளு, உள்ளாளா பாத்து எழுதிக்கிங்க"ன்னு அனுப்பிடுவானாம். பாத்தீங்களா, எவ்வளவு வீம்பு!

அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாளு, தனம் எங்க வீட்டுக் கேட்டுக்கிட்ட வந்து நின்னா. உள்ள வான்னேன், வரல. கம்பியப் புடிச்சிக்கிட்டே பேசினா. அவனுக்கு நேர்காணல் கடுதாசி வந்திருக்காம், நீல ஐசிக்கு. பதினோரு வருஷமாக் கெடந்த விண்ணப்பம், டாக்டரோட ஆளுங்கதான் பின்னால நின்னு பாத்தாங்களாம். அதுல ஒண்ணு கேட்டிருக்காங்க. பொறந்த சூரா இல்லாததால, அவன் இங்க பொறந்தான்னு தெரிஞ்ச, அவனைவிட வயசுல மூத்த ஒரு ஆளு வந்து சத்தியம் பண்ணிச் சொல்லணுமாம்.

தோட்டத்துப் பெருசுங்க எல்லாம் போயாச்சு. அவங்கம்மா இல்ல, எங்கம்மா இல்ல, மருத்துவச்சி இல்ல. மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான்.

"அண்ணே, செவ்வாக்கெழம பத்து மணிக்கு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்"ன்னா.

நான் என்ன சொல்லியிருக்கணும்? சரின்னு சொல்லியிருக்கணும். ஆனா நான் கேட்டேன், "அவன் அனுப்பினானா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன். அவருக்குத் தெரியாது."

"அவனுக்கு வாயில்லையா? வந்து கேக்கச் சொல்லு. ஒரு வார்த்த. மச்சான் வாங்கன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டா வர்றேன்"ன்னேன்.

"அவரு கேக்க மாட்டாருண்ணே. உங்களுக்கே தெரியும்."

"அப்ப நானும் வர மாட்டேன்"ன்னேன்.

அவ அழுவல. கம்பிய விட்டுட்டுப் போயிட்டா. தப்பா டீச்சர்? ஒரு வார்த்ததானே கேட்டேன்? காலுல விழுவச் சொன்னேனா?

ஆனா ஒண்ணு சொல்றேன், இத என் வீட்டுக்காரியத் தவிர யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தச் செவ்வாக்கெழம நான் ஏழு மணிக்கே குளிச்சிட்டேன். வெள்ளச் சட்ட போட்டு, ஐசியப் பையில வச்சு, சப்பாத்து மாட்டிக்கிட்டு, கேட்டுக்கிட்ட நாற்காலி போட்டு ஒக்காந்துட்டேன். எட்டு ஆச்சு. எட்டரை ஆச்சு. அவன் வீட்டுல மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆவுது. வர்றான். பின்னால தனம், மடியில பை. எங்க வீட்டு வாசல்ல ரோட்டுல ஒரு மேடு இருக்கு, வண்டி வேகமாப் போவக்கூடாதுன்னு போட்டது. அங்க வந்ததும் மெதுவாச்சு. மோட்டார் மெதுவாச்சு டீச்சர். அவன் என்னைப் பாக்கல, நேராத்தான் பாத்தான். ஆனா காலு ஒண்ணு கீழ ஊனின மாதிரி இருந்துச்சு. நான் எந்திரிச்சிருந்தா போதும். கையத் தூக்கியிருந்தா போதும். கூப்பிடட்டும்னு ஒக்காந்திருந்தேன். போயிட்டான்.

அந்த மேட்டுக்காக மெதுவாப் போனானா, எனக்காக மெதுவாப் போனானா? ஏழு வருஷமா யோசிக்கிறேன். வீட்டுக்காரி சொல்லுவா, மேட்டுக்காகத்தான், படுங்கன்னு. அந்த மேட்டுல எல்லாந்தான் மெதுவாப் போவுது, மீன்காரன் வண்டியும் மெதுவாத்தான் போவுது. ஆனா யாரும் காலு ஊனுறதில்லையே.

அங்க போனானாம். அதிகாரி கேட்டாராம், உன் பொறப்பத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களான்னு. இவன் சொன்னானாம், "யாரும் உயிரோட இல்ல."

தனம்தான் பக்கத்து வீட்டுல சொல்லி, அது என் காதுக்கு வந்துச்சு. யாரும் உயிரோட இல்ல. நான் எதிர் வரிசையில சப்பாத்தக்கூடக் கழட்டாம ஒக்காந்திருக்கேன்.

சாட்சியோட மறுபடி வான்னு அனுப்பிட்டாங்களாம். அப்பறம் அவன் போவவே இல்ல. நானும் போவல. தனமும் என்கிட்ட பேசல. அவங்க பையன் கதிரவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சு, தபால்ல. நாலாவது வீட்டுல இருந்து தபால்ல! பேரு எழுதியிருந்தது அவன் கையெழுத்து. முத்து முத்தா. நான் போவல. தபால்ல கூப்பிட்டாப் போவாங்களா? நீங்க போவீங்களா?

போன சனிக்கிழமை அவ கத்தினது கேட்டுச்சு. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. செருப்புப் போடாம ஓடினேன். கூடத்துல படுக்க வச்சிருந்தாங்க. கதிரவன் வாசல்ல நின்னு, "இப்ப என்னா பாக்க வந்தீங்க?"ன்னான். சின்னப் பையன், துக்கத்துல பேசுறான், விடுங்க. நான் ஓரமா நின்னுட்டு வந்துட்டேன்.

நேத்து பதிவிலாகாவுக்கு யாரு போறதுன்னு பேச்சு வந்துச்சாம். பையன் நான் போறேன்னு கெளம்பியிருக்கான். தனம் வேணாம்னுட்டா. "உங்க மாமா போவட்டும்"ன்னாளாம். அவளே வந்தா டீச்சர், எங்க கேட்டுக்கிட்ட. ஏழு வருஷத்துக்கப்பறம். அவனோட ஐசிய என் கையில குடுத்தா. "அண்ணே, அவரு எங்க பொறந்தாருன்னு உங்களுக்குத்தானே தெரியும். இப்பவாச்சும் போயி சொல்லிட்டு வாங்க"ன்னா.

பாத்தீங்களா? அண்ணேன்னு கூப்பிட்டா. மூத்தவன்னு மரியாதை குடுத்து என்னைத்தான் அனுப்பினா, பெத்த பையன அனுப்பல. கூடப் பொறந்தவளாச்சே, எத்தன நாளைக்குக் கோவம் இருக்கும்? கருமாதி முடியட்டும், எல்லாம் சரியாப் போயிடும். நீங்க என்ன நெனைக்கிறீங்க? சரியாப் போயிடும்ல?

என்ன, ஜன்னல் பக்கம் பாக்குறீங்க.

காலையில வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுத்தான் போனேன். என்ன சொல்லணும்னு மலாயில ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். நம்பர் வந்துச்சு. மலாய்க்காரப் பொண்ணு ஒண்ணு, நல்ல பொண்ணு, மாமான்னு கூப்பிடுற மாதிரி, பாக்சிக் ஒக்காருங்கன்னுச்சு. நான் நின்னுக்கிட்டே சொன்னேன், "நான் சாட்சி சொல்ல வந்திருக்கேன். இந்த ஆளு இங்க பொறந்தவரு. எனக்குத் தெரியும்"ன்னு. அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே, "பாக்சிக், எறப்புக்கு அதெல்லாம் வேணாம். கார்டுல என்ன இருக்கோ அதத்தான் எழுதுவோம்"ன்னு தட்டி முடிச்சிருச்சு. மூணு நிமிஷம். சிவப்பு ஐசிய வாங்கி வச்சிக்கிட்டு இந்தக் கடுதாசியக் குடுத்துச்சு. அடுத்த நம்பரக் கூப்பிட்டுட்டாங்க. நான் இன்னும் நின்னுக்கிட்டே இருந்தேன். பின்னால ஒரு சீனக் கெழவி தோளத் தட்டி, அங்கிள், தள்ளுங்கன்னா.

யாருமே கேக்கல டீச்சர். மனப்பாடம் பண்ணினது அப்படியே இருக்கு. உங்க எடம் வந்துருச்சா? கொஞ்சம் இருங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம், நான் காசு குடுக்கிறேன். ரெண்டு நிமிஷந்தான்.

எனக்கு ஆறு வயசு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு, மத்தியானம், காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துப் பக்கத்து லயத்துல மூணாவது வீடு. அவங்கம்மாவுக்கு வலி வந்துருச்சு. ஆம்பளைங்க எல்லாம் வேலைக் காட்டுல. எங்கம்மா என்னை, "ஓடுடா மூலம், மருத்துவச்சியக் கூட்டியா"ன்னா. நான் ஓடினேன். அந்தக் கெழவி கெணத்தடியில துணி தொவச்சிக்கிட்டிருந்துச்சு. கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். வர்றதுக்குள்ள பொறந்துட்டான். அழுவல. எங்கம்மா காலப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கி முதுகுல ரெண்டு தட்டு தட்டினா. அப்பறம்தான் வீல்னு கத்தினான். பழைய கைலியில சுத்தி, "இந்தாடா, ஒழுங்காப் புடி"ன்னு என் கையில குடுத்துட்டு, அவங்கம்மாவப் பாக்கப் போயிட்டா. சூடா இருந்தான். ஒரு கையி வெளிய வந்து என் சட்டப் பொத்தானப் புடிச்சிக்கிச்சு, விடவே மாட்டேன்னுச்சு.

இந்த ஊருலதான் பொறந்தான் டீச்சர். என் கையிலதான் இருந்தான். நான் சாட்சி.